கல்யாணத்தன்று நீ பார்த்த கொண்டை

கண்ணு,

கல்யாண மண்டபத்தில் என் பின்னால் வந்து நின்று, "கெலிச்சிட்டம்மா நீ" என்று காதோரம் சொன்னாயே, அந்தக் கொண்டையை நான் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக்கொண்டிருந்தால் பாதியில் எனக்கே மனசு மாறிவிடும், பேனாவை மூடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன். நீ நடுவில் நடுவில் பேசுவாய், ஆபீஸில் யாராவது கூப்பிடுவார்கள், "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். அப்புறம் அந்தத் தைரியம் எனக்கு வராது. நீ ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷத்தில்கூட உனக்கு நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. இதை நித்யாவும் படிக்கட்டும். மருமகளாக வந்தவள், அவளுக்கும் இதில் சேர வேண்டியது இருக்கிறது.

நமக்குள் போட்ட பந்தயம் அவளுக்குத் தெரியாது, அதனால் அதையும் எழுதுகிறேன். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து எனக்கு இடது தோள் உடைந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். கட்டுப் பிரித்த பிறகும் கை தாடைக்கு மேலே போகவில்லை. எதிர்வீட்டுப் பெண் காலேஜுக்குக் கிளம்புகிற அவசரத்தில் வந்து என் தலையை வாரி ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டுப் போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை, நீ வந்தாய். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நான் எரிகிற அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தேன். நீ பயந்து போனாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நீ சொன்னது இதுதான்: "உன் தலையையே உன்னால வாரிக்க முடியல. தனியா எப்பிடிமா இருப்ப? கல்யாணம் முடிஞ்சதும் வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடு. இந்த முடியையும் வெட்டிடு, யாரு பாக்கப் போறாங்க."

எனக்கு வந்ததே ஒரு கோபம். "உன் கல்யாணத்துக்கு நானே கொண்டை போட்டுக்கினு வந்து நிக்கறேன். சவுரி இல்லாம, பின்னு இல்லாம, யார் கையும் படாம. அப்பிடி நின்னா என்னை இங்கயே உட்டுடணும். வீட்டைப் பூட்டறது, மெட்ராசுக்கு வர்றது, எதுவும் அப்புறம் பேசக் கூடாது" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "சரி, போடு பாக்கலாம். போடலன்னா வந்துடணும்" என்றாய். நானும் பெரிய இவள் மாதிரி தலையை ஆட்டினேன். விளையாட்டாகத்தான் நீ எடுத்துக்கொண்டாய் என்று நினைத்தேன். ஆனால் கல்யாணத்தன்று என் கொண்டையைப் பார்த்ததும் நீ வாக்கு மாறவில்லை. வீட்டுச் சாவியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அப்பாவுக்கும் அந்தக் குணம் உண்டு.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போன அன்று கதவைச் சாத்திவிட்டு, ஒரு ரசம் வைத்துச் சாப்பிட்டு, பட்டப்பகலில் மூன்று மணி நேரம் தூங்கினேன். பொய் சொல்லி வாங்கிய வீடு என்று உறுத்தல் எதுவும் இல்லை. அப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். செவ்வாய்க்கிழமை நித்யா போன் செய்தாள்.

"அம்மா, உங்க கொண்டை எப்படிப் போடறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள். ஆபீஸில் ஏதோ விழாவாம், புடவை கட்டிக்கொண்டு போக வேண்டுமாம், பார்லருக்குப் போக நேரமில்லையாம். கொண்டையைப் பற்றி ஒருத்தி கேட்டால் நான் விடுவேனா? போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஆரம்பித்தேன். தலைக்குக் குளித்த அன்றைக்கே கொண்டை போடாதே, முடி வழுக்கும், மறுநாள் போடு. துளி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் மட்டும் தடவு. நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வா. எல்லா முடியையும் பிடரிக்குக் கொண்டுவந்து, அடியிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு கற்றையை மட்டும் தனியே விட்டுவிடு. மீதியை இரண்டாகப் பிரி. இரண்டையும் தனித்தனியாக வலப்பக்கம் முறுக்கு, முறுக்கிய இரண்டையும் ஒன்றோடு ஒன்றாக இடப்பக்கம் சுற்று. அப்போதுதான் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும், அவிழாது. அதைப் பிடரியில் வட்டமாகச் சுருட்டு. முதல் வட்டம் இறுக்கம், இரண்டாவது கொஞ்சம் தளர்வு. நுனியை அடிவட்டத்துக்குள் செருகு. தனியே விட்ட கற்றையைக் கொண்டைக்கு அடியில் இரண்டு சுற்று இழுத்துச் சுற்றி அதன் நுனியையும் உள்ளே தள்ளிவிடு. அவ்வளவுதான், ஊசிக்கு அங்கே வேலையே இல்லை. போடும்போது கண்ணாடியைப் பார்க்காதே, கை குழம்பும். போட்டு முடித்த பிறகு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்துப் பார். காதோரம் ரெண்டு முடி தப்பித்தால் விட்டுவிடு, அதுவும் அழகுதான். முதல் பத்து தடவை கோணலாகத்தான் வரும்.

நான் சொல்லச் சொல்லவே அவள் செய்து பார்த்திருக்கிறாள். "கை கடுக்குதும்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "தினமும் சொல்லிக் காட்டறாரும்மா. எங்கம்மா ஒடஞ்ச தோளை வச்சிக்கிட்டு அவங்களே கொண்டை போட்டுட்டு வந்து மேடையில நின்னாங்க, உனக்குத் தலை வாரிட்டுக் கெளம்ப ஒரு மணி நேரமான்னு." அந்தச் சிரிப்பு போகப் போகத் தேய்ந்துகொண்டே வந்தது எனக்குக் கேட்டது. "உங்கள மாதிரி எனக்கு வராது போலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன பொய்யைத் தூக்கிக்கொண்டு போய் நீ அந்தப் பெண்ணின் தலையில் வைத்திருக்கிறாய். உன்மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. நீ பார்த்ததைத்தான் சொல்கிறாய். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்து இன்னொரு பெண் பேச்சு வாங்குவது இது முதல் தடவை இல்லை. உன் அத்தையைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கல்யாணத்தன்று நடந்ததைச் சொல்ல முடியாது.

நான் கல்யாணம் ஆகி சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தபோது உன் அத்தைக்கு இருபது வயசு, கல்யாணம் ஆகவில்லை. கோர்வைப் புடவை என்றால் உடம்பும் கரையும் வேறு வேறு நிறம், குறுக்கிழையை ஓட்ட உடம்புக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா, தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அண்ணன் உடம்பு போடுவார், தங்கை கரை போடுவாள். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். எனக்கும் கரை போடத் தெரியும், பிறந்த வீட்டிலும் தறிதானே. உன் அப்பா பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆறு பேர் இருந்த வீட்டில் புதுசாக வந்தவள் பகலில் புருஷன் பக்கத்தில் வேறு எங்கே உட்கார முடியும்? ஆனால் "நான் உட்காரட்டுமா" என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்பது எனக்கு வராது. வேண்டியதை வேண்டும் என்று சொல்லமாட்டேன், அது தானாக என்னிடம் வந்து சேர்கிற மாதிரி ஏதாவது செய்துகொண்டே இருப்பேன். மோர் கொடுக்கிற சாக்கில் போய் நிற்பேன். இழை ஏதோ தளர்ந்திருக்கிற மாதிரி இருக்கிறதே என்று, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவுக்கு மேலே குனிந்து பார்ப்பேன்.

அப்படிக் குனிந்த ஒரு நாள் என் கொண்டையிலிருந்து ஒரு ஊசி நழுவிப் பாவில் விழுந்துவிட்டது. பட்டு ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் தலையில் ஊசி குத்திக்கொண்டு போகக் கூடாது என்பது இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் ஐந்தாறு ஊசி குத்தி அன்றைக்கு ஒரு பெரிய கொண்டை போட்டுக்கொண்டு போனேன், அவர் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று. அவர் நிமிரவில்லை. இழையை நெருக்குகிற அச்சுப் பலகையை இழுத்து அடித்தார், சரசரவென்று ஒரு சத்தம், நாலு விரல் அகலத்துக்குப் பாவு அறுந்து தொங்கியது. யாருடைய வீட்டிலோ ஒரு பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை அது, எட்டு நாளில் கொடுத்தாக வேண்டும். உன் அப்பா கத்தவில்லை. ஊசியைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "யாருது இது?" என்றார். நான் "தெரியல" என்றேன். அத்தை என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. "உனக்கு எத்தினி வாட்டி சொல்லியிருக்கறேன். எழுந்திரு" என்று தங்கையைப் பார்த்துச் சொன்னார். அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுச் சேர்க்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அவர் தறியை விட்டு எழுந்த கடைசி நாள்வரைக்கும் நான்தான் உட்கார்ந்தேன்.

அத்தை அதற்குப் பிறகு தறிப் பக்கமே வரவில்லை. ஒரு வருஷத்தில் ஓரிக்கையில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். நான் அன்றோடு தலையில் ஊசி குத்துவதை விட்டேன். ஊசியில்லாமல் நிற்கிற கொண்டையைத் தனியாக உட்கார்ந்து பழகினேன். அது நன்றாகவும் வந்தது, ஒரு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தாலும் அசையாது. தெருவில் கல்யாணம் காட்சி என்றால், எனக்கும் போட்டு விடு என்று பெண்கள் வந்து உட்காருவார்கள். நீ சின்னக் குழந்தையாய் இருந்தபோது, காலையில் அப்பா தறியில் உட்காருவதற்கு முன்னால் எனக்குப் பின்னால் நின்று இன்னொரு கண்ணாடியைப் பிடிப்பார். ஒழுங்காகப் பிடிக்க மாட்டார், பாதி நேரம் கூரைதான் தெரியும். "நேராப் புடிங்க" என்றால், "நல்லாத்தான் இருக்குது, வா, வேலையப் பாக்கலாம்" என்பார். அந்த நேரத்திலாவது அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவாரோ என்று பயம். சொல்லாமலே அவரையும் அனுப்பி வைத்துவிட்டேன்.

இப்போது உன் கல்யாண நாளுக்கு வருகிறேன். ஆறு மாதம் நான் சும்மா இருக்கவில்லை. கூடத்துச் சுவரில் பென்சில் கோடு கோடாக இருந்ததே, எதிர்வீட்டுக் குழந்தை கிறுக்கியது என்று உன்னிடம் சொன்னேன், அதுவும் பொய்தான். இடது கை விரல்களைச் சுவரில் ஏற்றி ஏற்றி, எட்டிய இடத்தில் நான் போட்ட கோடு அது. தாடை உயரத்தில் ஆரம்பித்துக் காது வரைக்கும் ஏறியது, அப்புறம் ஏறவே இல்லை. கை மேலே போகாவிட்டால் தலையைக் கீழே கொண்டுபோவோம் என்று மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றிக் குனிந்தபடி போட்டுப் பார்த்தேன். அப்படி இரண்டு தடவை வந்தது. கோணல்தான், ஆனாலும் கொண்டை என்று சொல்லலாம். அந்த இரண்டு தடவையை நம்பித்தான் உன் கல்யாண நாள்வரைக்கும் மிதப்பாகத் திரிந்தேன்.

அன்று காலை ஆறு மணிக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு அறைக்கதவைச் சாத்தினேன். நீ மண்டபத்துக்கு முன்னாலேயே போய்விட்டாய், எங்களுக்காக வாசலில் வேன் நின்றிருந்தது. முதல் தடவை முறுக்கு அவிழ்ந்தது. இரண்டாம் தடவை வட்டம் வரைக்கும் வந்து கை விட்டுப்போனது. மூன்றாம் தடவை தோளில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. கையை மேஜையிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, தலையை நிமிர்த்தவும் முடியவில்லை, முடி முழுக்க முகத்தில் விழுந்து கிடக்கிறது. அழுதேன், கண்ணு. வலிக்காக அழவில்லை. உங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு அறை காட்டினாயே, அது கண்ணில் வந்து நின்றது. நல்ல அறைதான், ஒன்பதாவது மாடி, காற்று வருகிறது, ஏசி இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போன பிறகு அதில் நான் டிவியைப் பார்த்தபடி, நீங்கள் திரும்பி வருகிற நேரத்துக்காக உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

அத்தை கதவைத் தட்டினாள். முந்தின நாளே ஓரிக்கையிலிருந்து வந்து தங்கியிருந்தாள். "அண்ணி, வேன்காரன் ஹாரன் அடிச்சிக்கினே இருக்கறான்" என்றாள். அவளே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். என்ன, ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. மேஜையில் மாட்டிக்கொண்டிருந்த கையை மெல்ல எடுத்து என் மடியில் வைத்தாள். "உட்காரு, நான் போட்டு உடறேன்" என்றாள்.

"வாணாம். யார் கையும் படக் கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கறேன்."

"சொன்னா சொல்லிட்டுப் போற. அவன் இங்க நின்னு பாக்கறானா? உட்காரு அண்ணி, நேரம் ஆவுது."

உட்கார்ந்தேன். சீப்பை எடுத்துச் சிக்கெடுத்தாள். அவள் பையிலிருந்து நாலு கொண்டை ஊசியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். "ஊசி வாணாம்" என்றேன். எடுத்துக் கட்டில்மேல் போட்டுவிட்டு, "தறியே இல்ல இப்ப, இன்னும் என்னா பயம் உனக்கு?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் நின்ற அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல வந்ததோ என்னவோ.

"அன்னிக்குப் பாவுல விழுந்தது என் ஊசி" என்றேன்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"அன்னிக்கு நான் தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தலையாத் துண்டு சுத்திக்கினு உட்காந்திருந்தேன். என் தலையில ஊசியே இல்ல. அண்ணன் எங்க அதெல்லாம் பாத்துச்சி."

"அப்ப ஏன் வாயத் தொறந்து சொல்லல நீ?"

அவள் கை நிற்கவில்லை, முறுக்கிக்கொண்டேதான் பேசினாள். "நீ வந்து நாலு மாசம்தான் ஆயிருந்துச்சி. சொன்னா என்னா ஆவுமோன்னு இருந்துச்சி. அது இல்லாம, எப்பப் பாத்தாலும் மோரு எடுத்துக்கினு வந்து வந்து நிப்ப. சரி, உட்காரட்டும்னு உட்டுட்டேன்." முறுக்கியதைப் பிடரியில் வட்டமாகச் சுருட்டினாள். அப்புறம் சொன்னாள்: "ஆனா ரொம்ப நாளு மனசு ஆறல அண்ணி. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எழுந்து எடத்தைக் குடுத்திருப்பேன். பழியப் போட்டு எழுப்புனதுதான் தாங்கல."

மன்னித்துவிடு என்று சொன்னேன். சொன்னேனா, அழுதேனா, சரியாக நினைவில்லை. "தலைய ஆட்டாத, அவுந்துடும்" என்றாள். அவள் போட்டது நான் போடுகிற அதே கொண்டை. எந்த நாளில் என் பின்னால் நின்று பார்த்து வைத்துக்கொண்டாளோ. உன் அப்பா போன பிறகு நான் பூ வைப்பதில்லை, வெறும் கொண்டையில் ஒரு சின்னக் கோணல் இருந்தாலும் எடுத்துக் காட்டும். ஒரு கோணலும் இல்லை. என் கை நன்றாக இருந்த காலத்தில்கூட அப்படி வந்ததில்லை.

மண்டபத்தில் நீ என் பின்னால் வந்து நின்று, "நெஜமா நீயே போட்டியாம்மா?" என்று கேட்டாய். அத்தை பக்கத்தில் தாம்பாளத்தோடு நின்றிருந்தாள். அந்த நேரத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். அத்தை போட்டாள் என்று இரண்டே வார்த்தை. "பின்ன, வேற யாரு?" என்றேன். நீ "கெலிச்சிட்டம்மா" என்றாய். அத்தை தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் மன்னிப்புக் கேட்டவள், முகூர்த்தம் முடிவதற்குள் அவள் கண் முன்னாலேயே திரும்ப அதைத்தான் செய்தேன். அவள் அதையும் விட்டுக்கொடுத்துவிட்டாள். பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கல்யாணம் ஆன பிள்ளைக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் சொல்வேன், அம்மாவாயிற்றே. நித்யா தலை வார ஒரு மணி நேரம் ஆனால் ஆகட்டும், வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்காதே. பின்னால் போய்க் கண்ணாடியைப் பிடி, உன் அப்பா மாதிரிக் கூரையைக் காட்டாமல் நேராகப் பிடி. என்னை எடுத்து அவளுக்கு எதிரே நிறுத்தாதே, நான் அந்த அளவுக்கு ஆள் இல்லை. உனக்கு ஒன்று வேண்டும் என்றால் வேண்டும் என்று அவளிடம் சொல். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல், முடியவில்லை என்று நடிக்காதே. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேள். கேட்டால் எழுந்து இடம் கொடுக்கிற மனுஷர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். நாற்பது வருஷம் கழித்து இது எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்.

களைத்துப்போய்விட்டேன், கண்ணு. தோளைச் சொல்லவில்லை. ஆசைப்பட்டதை வாயால் கேட்காமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தே களைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, எனக்கு வர இஷ்டமில்லை என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நீ வருத்தப்பட்டிருப்பாய், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாய், அவ்வளவுதான். நான் அதை விட்டுவிட்டு, கொண்டை போட்டுக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். தன் தலையைத் தானே வாரிக்கொள்கிறவள்தான் தன் வீட்டில் இருக்கலாம் என்று நான்தான் உனக்கு ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தேன். அது என்ன சட்டம்? எதிர்வீட்டுப் பெண் தினமும் வருகிறாள், வந்தால் நான் அவளுக்கு இட்லி கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை அத்தை ஓரிக்கையிலிருந்து பஸ் ஏறி வருகிறேன் என்கிறாள். தலை வார வருகிறாயா என்று நேற்று அவளிடம் நானே கேட்டேன், அதுவரைக்கும் எனக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. யாரும் வராத அன்றைக்கு அடுப்பு மூட்ட மாட்டேன், கடையில் வாங்கிக்கொள்வேன். பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். குளியலறைக்குள் காலை வைக்கும்போது இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நீ ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால் அங்கே சுவரில் ஒரு கம்பி வைத்துக் கொடு, பிடித்துக்கொள்ள.

இங்கே அப்படி என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். பெரிதாக ஒன்றும் இல்லை. தறியைப் பிரித்தாகிவிட்டது, கூடம் காலியாகக் கிடக்கிறது, தெருவில் பாதிப் பேர் எனக்குத் தெரியாதவர்கள். ஆனால் காலையில் என் கதவை நான் திறக்கிறேன். பசித்தால் சாப்பிடுகிறேன், இல்லாவிட்டால் படுக்கிறேன். வரதர் புறப்பாடு வந்தால் வாசலில் போய் நிற்கிறேன், முட்டி வலித்தால் நிற்பதில்லை, ஜன்னல் வழியாகக் கும்பிடுகிறேன். யார் வருகிற நேரத்துக்கும் நான் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் முதலில் நித்யாவிடம் போ. அது அம்மா போட்ட கொண்டை இல்லை, அத்தை போட்டது, அம்மா பொய் சொன்னாள் என்று உன் வாயால் சொல். அவளைச் சொல்லிக் காட்டியது தப்பு என்றும் சேர்த்துச் சொல். அப்புறம் எனக்குப் போன் செய். திட்டுவதாக இருந்தாலும் செய். "தோத்துட்டல்ல, பெட்டியக் கட்டு" என்று நீ சொல்லலாம், பேசின பேச்சுக்கு அதுதான் நியாயம். அப்போது எனக்கு நாக்கு எழும்பாமல் போனாலும் போகும், அதனால் நான் சொல்லப்போகிற பதிலை இப்போதே எழுதிவிடுகிறேன். தோத்துட்டேன், கண்ணு. ஆனா நான் வரல. எனக்கு இங்கதான் இருக்கணும்.

உன் அம்மா